48 பக்கத்தில் ஒரு நிலாப் பயணம்

மொரீஷியஸில் இருந்துகொண்டு தமிழில் கதைப் புத்தகம் போடுகிறேன் என்று சொன்னால், உடனே வரும் கேள்வி 'யார் வாங்கி வாசிப்பார்கள்?' என்பதுதான். யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுத்திருக்கும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல், வகுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும், கோவிலில் தேவாரம், இவற்றுக்கு நடுவே வாரத்தில் கொஞ்ச நேரம் தமிழ். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார்கள். வாசித்தது மனதில் ஏறக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் வயதுக்கு ஏற்ற கதை அவர்களுடைய தமிழுக்கு எட்டாது. அவர்களுடைய தமிழுக்கு எட்டும் கதையில் காக்காவும் நரியும்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் கையில் வடை திருடிய காக்காவைக் கொடுத்தால் அவன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான். அவனுக்கு ராக்கெட் வேண்டும், குகை வேண்டும், யாராவது யாரையாவது துரத்த வேண்டும்.

அப்படித் தொடங்கியதுதான் 'ஆழ்கண்டம்' என்ற அறிவியல் சாகசத் தொடர். மூன்று பாகம் அச்சாகிவிட்டது, நான்காவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாகமும் 48 பக்கம், நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம். எழுதியது, தட்டச்சு செய்தது, பக்கம் அமைத்தது, அச்சகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் நானேதான். ரீயூனியனிலோ டர்பனிலோ யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவுமே என்று செய்முறையை எழுதி வைக்கிறேன்.

கதைக்களத்துக்காக நான் வேறு நாட்டுக்குப் போகவில்லை. நம் தீவின் வடகிழக்கில், ப்ரா தோ காட்டுப் பகுதியில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. 1992 முதல் இயங்கியது. ஆங்கில 'T' எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி அமைப்பு. கிழக்கு மேற்காக 2048 மீட்டர் நீளத்தில் 1024 சுருள் ஆன்டெனாக்கள். தெற்கு நோக்கி 880 மீட்டருக்குத் தண்டவாளம், அதன்மேல் சுருள்களைத் தாங்கி நகரும் தள்ளுவண்டிகள். கேட்கும் அலைவரிசை 151.5 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால்தான் சுருள்கள் அவ்வளவு பெரிது. காடு, தண்டவாளம், வானத்தைக் கேட்கும் சுருள். இவ்வளவையும் பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு நான் ஏன் அமெரிக்காவில் கதை நடத்த வேண்டும்?

முதல் பாகத்தில் அமுதினி, அவள் மாமன் மகன் கெவின், கெவினின் தம்பி ஜோவான் மூவரும் அந்தச் சுருள் ஒன்றிலிருந்து ஒரு விட்டு விட்டு வரும் ஒலியைக் கேட்கிறார்கள். எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருப்பது ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும். அவை போதும். ஒலி தினமும் ஒரே நேரத்துக்கு வந்தால் பூமியில் யாரோ ஒரு ஆள் செய்யும் வேலை. தினமும் 4 நிமிடம் முந்தி வந்தால் விண்மீன்களின் பக்கமிருந்து வருகிறது. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்றை 23 மணி 56 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி, தன் கருவியில் கேட்ட இரைச்சல் பால்வீதியிலிருந்து வருகிறது என்று பிடித்ததும் இந்த 4 நிமிடத்தை வைத்துத்தான். மாறாக, தினமும் சுமார் 50 நிமிடம் பிந்தி வந்தால்? அது நிலா.

துப்பறியும் வேலை முழுவதையும் இந்த ஒரு கணக்கில் ஏற்றினேன். வில்லனைத் துரத்துவதைவிட நிமிடத்தைத் துரத்துவது பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்று சந்தேகம் இருந்தது. ஆனால் வகுப்பில் நோட்டின் பக்கத்தை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: திங்கள் 4.05, செவ்வாய் 4.54, புதன் 5.46. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று நான் கேட்பதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது.

இதற்கு மேல் கதையைக் கட்டித் தந்தது பஞ்சாங்கம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். பௌர்ணமி நிலா வானத்தின் உச்சக் கோட்டைக் கடப்பது நள்ளிரவு வாக்கில். அதற்குப் பத்து நாள் முன்னால், நம் கோவில்களில் கொடியேறி விரதம் தொடங்கும் அன்று, அதே நிலா உச்சிக்கு வருவது மாலை 4 மணி சுமாருக்கு. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரம்! அங்கிருந்து நாளுக்கு 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போனால் காவடி நாளின் இரவு 12 மணிக்கு வந்து நிற்கும். பத்து நாள் விரதம், பத்து அத்தியாயம். முதல் நாள் யாருக்கும் சந்தேகம் வராது. ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போக வேண்டும். எட்டாம் நாள் ஜன்னல் ஏறிக் குதிக்க வேண்டும். சிக்னல் பிந்தப் பிந்த வீட்டில் சொல்லும் பொய்யும் வளர்கிறது, அதுவும் விரத நாளில். அமுதினிக்கு அந்த உறுத்தல்தான் கதை முழுவதும்.

இன்னொரு விவரமும் கைகொடுத்தது. ப்ரா தோவின் சுருள்கள் நேர்மேலே பார்ப்பவை அல்ல. தென்வானத்தை நன்றாகக் கேட்பதற்காக 20 பாகை தெற்கே சாய்த்து நிறுத்தப்பட்டவை. தை மாத நிலாவோ நமக்கு வடக்குப் பக்கம் போகிறது. ஆக, ஒலி தேய்ந்துகொண்டே வர, ஒரு சுருளை வண்டியோடு அசைத்து வடக்கே திருப்பினால்தான் தெளிவாகக் கேட்கும் என்று ஜோவான் கண்டுபிடிக்கிறான். ஆறாம் அத்தியாயம் முழுக்க அந்தத் திருப்பல்தான்: துருப்பிடித்த போல்ட்டு, தேங்காய் எண்ணெய், கொசு. நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் இப்படி ஒரு காட்சி வந்திருக்காது. உண்மையான கருவியை எடுத்துக்கொண்டால் அதன் குறைகளும் சேர்ந்து வரும். கதைக்கு வேண்டியது அந்தக் குறைகள்தான் என்பது என் கட்சி.

தொடர் முழுவதற்கும் ஒரே ஒரு பொய் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். நம் தீவின் ப்ளேன் தே ரோஷ் பக்கம் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைக் குழாய்கள் இருக்கின்றன. உழவாரக் குருவி இனம் ஒன்று அவற்றுக்குள் கூடு கட்டுகிறது. நிலாவிலும் அப்படிப்பட்ட குழாய்கள் உண்டு. மாரியஸ் குன்றுகள் பகுதியில் ஆழமான ஒரு குழியை ஜப்பானின் காகுயா விண்கலம் எடுத்த படங்களில் பார்த்து 2009-இல் அறிவித்தார்கள். இரண்டாம் பாகத்தில் இந்தக் குகைக்கும் அந்தக் குகைக்கும் நடுவே ஒரு கதவு வைத்தேன். அந்தக் கதவுதான் என் பொய். அதைத் தாண்டிய பிறகு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும். எடை ஆறில் ஒரு பங்கு, அடைபட்ட அறைக்கு வெளியே காற்று கிடையாது, சத்தமும் கிடையாது. நிலாவிலிருந்து கெவின் ரேடியோவில் பேசினால் குரல் பூமிக்கு வர 1.3 விநாடி, பதில் போய்ச் சேர இன்னொரு 1.3. அமுதினி கத்திவிட்டுக் காத்திருக்கும் அந்த இடைவெளிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று வரி விட்டேன். வகுப்பில் வாசிக்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் பாகம் நம் காலடியைப் பற்றியது. மொரீஷியஸ் கடலிலிருந்து எழும்பி ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் இங்கே கிடைத்த எரிமலைப் பாறையில் 300 கோடி ஆண்டு வரை பழைய சிர்கான் என்ற கனிமத்தின் சின்னஞ்சிறு மணிகள் இருப்பதாக 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தீவுக்கு அடியில் ஒரு பழைய கண்டத்தின் துண்டு கிடக்கிறது. மொரீஷியா என்று அதற்குப் பெயர். தொடரின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். அதே பாகத்தில் நம் முதல் செயற்கைக்கோளும் வருகிறது. மிர்-சாட்1, பத்து சென்டிமீட்டர் கனசதுரம், 2021 ஜூன் 22 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடத்திலிருந்து விடப்பட்டது. அந்த உயரத்தில் சுற்றும் ஒன்று நம் தலைக்கு மேல் கடந்து மறைய பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கதையில் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு செய்தியை அனுப்பியாக வேண்டும். மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கும் அந்த அத்தியாயம் பத்து நிமிடம் பிடிக்கும்படி வெட்டிச் செதுக்கினேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னால் போட்டி போடுகிறார்கள்.

தொடர் என்று இறங்கினால் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். என்னுடையது நீள ரெஜிஸ்டர் நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். வயது, உயரம், இடது கையா வலது கையா என்பதெல்லாம் எல்லோரும் எழுதி வைப்பார்கள்தான். எனக்கு அதிகம் உதவியது வேறு ஒரு பத்தி: 'இந்தப் பாகம் முடியும்போது இவருக்கு என்ன தெரியும்'. அமுதினியின் அம்மாவுக்கு முதல் பாகத்தின் முடிவில் பிள்ளைகள் காட்டுக்குப் போனது தெரியும், எதற்கு என்று தெரியாது. தாத்தாவுக்கு எதற்கு என்று தெரியும், எப்போது என்று தெரியாது. இவர்கள் இருவரும் அடுத்த பாகத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் என்ன வெளியே வரும்? இரண்டாம் பாகத்தின் தொடக்கம் அப்படியே நோட்டிலிருந்து எழுந்து வந்தது. இன்னொரு பத்தி பொருள்களுக்கு. சிர்கான் மணி இருக்கும் தீப்பெட்டி யார் சட்டைப் பையில் இருக்கிறது, டார்ச்சில் பேட்டரி மாற்றியது எப்போது. வளர்ந்தவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

மொழிதான் இதில் பெரிய வேலை. மாதிரிக்கு ஒன்று காட்டுகிறேன். முதல் வரைவில் இப்படி இருந்தது: 'இருள் சூழ்ந்திருந்த அக்குகையினுள் நுழைந்தவுடனேயே தன் கைவிளக்கின் ஒளி மங்கத் தொடங்கியதைக் கவனித்த கெவின் திடுக்கிட்டு நின்றான்.' அச்சில் வந்தது இது: 'கெவின் குகைக்குள் போனான். ஒரே இருட்டு. டார்ச் அடித்தான். கொஞ்ச நேரம் எரிந்தது. அப்புறம் மங்கியது. கெவின் நின்றுவிட்டான்.'

ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பொடிப்பொடியாக நறுக்கினால் கதை தந்தி அடித்தது போல ஆகிவிடும். எங்கே நறுக்குவது என்பதைப் பிள்ளைகளே காட்டினார்கள். கையெழுத்துப் பிரதியை ஒரு மாணவியிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, அவள் தடுக்குகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.

"மிஸ், இந்த வார்த்தை முடியவே மாட்டேங்குது."

"எது, காட்டும்மா."

அவள் விரல் 'எடுத்துக்கொண்டிருந்தபோதுதான்' மேல் நின்றது.

புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நீள வாக்கியங்களில் அல்ல, நீளச் சொற்களில்தான் விழுந்திருந்தன. எட்டுச் சிறிய சொற்கள் உள்ள வாக்கியத்தை அவள் சர்ரென்று வாசித்தாள். மூன்றே சொல், மூன்றும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் நின்றாள். அதனால் விதியை மாற்றிக்கொண்டேன்: வாக்கியம் நீளலாம், சொல் நீளக் கூடாது. 'எடுக்கும்போது' போதும். 'போய்விட்டிருந்தாள்' என்பதற்கு 'போய்விட்டாள்' போதும். வல்லின ஒற்றுகளை விடவில்லை; அதை விட்டால் அடுத்த நாள் தேர்வில் அவர்களுக்குத்தான் மதிப்பெண் போகும். அறிவியல் சொற்களிலும் சிரமப்படுத்தவில்லை. சிக்னல், ஆன்டெனா, டார்ச், ரேடியோ எல்லாம் அப்படியே. இதற்கு ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். பிள்ளைகள் வருத்தப்படவில்லை.

உரையாடலில் அங்கங்கே கிரியோல் வரும். 'மோ பா கொனே' (எனக்குத் தெரியாது) என்று ஜோவான் தோளைக் குலுக்குவான். ஓட வேண்டிய நேரத்தில் 'ஆலே, வித்!' என்று கெவின் கத்துவான். தாங்கள் தினமும் பேசுவதைத் தமிழ் எழுத்தில் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. முதலில் வேகமாக வாசிப்பதும் அந்த வரிகளைத்தான்.

இந்தக் கிரியோல் வரிகளை எழுத்து வடிவத்தில் பிரித்துக் காட்ட நினைத்தபோதுதான் பக்க அமைப்பு வேலைக்கு வந்தேன். பிரெஞ்சுப் புத்தகங்களில் சாய்வெழுத்துப் போட்டுவிடுவார்கள். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் அதற்கென்று வரைந்த சாய்வெழுத்து கிடையாது. மென்பொருள் இருக்கிற எழுத்தையே ஒரு பக்கம் தள்ளிவிடும், பார்க்கச் சகிக்காது. அதற்குப் பதில் எடை குறைந்த எழுத்தைப் பயன்படுத்தினேன். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு பல தடிமன்களில் கிடைக்கிறது. கதை நடுத்தர எடையில், கிரியோலும் மனதுக்குள் நினைப்பதும் மெல்லிய எடையில். திறந்த உரிமத்தில் வருவதால் விற்பனைக்கான புத்தகத்தில் பதிக்கவும் தடையில்லை.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில்தான் முழுப் புத்தகத்தையும் அமைத்தேன். ஏ5 பக்கம், 13 புள்ளி எழுத்து. வரி இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும், ஏனென்றால் தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் கீழே சுழியும் வால்களும் உண்டு. நெருக்கினால் ஒன்றன் வால் அடுத்த வரியின் புள்ளியைத் தொடும். இரு பக்க ஓரத்தையும் சமமாக இழுத்துக் கட்டவில்லை. நம் சொற்களின் நீளத்துக்கு ஏ5 அகலத்தில் அப்படிக் கட்டினால் வரிக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடது பக்கம் மட்டும் நேராக இருந்தால் பழகும் வாசகருக்கும் நல்லது, அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடாது.

அச்சகத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்ட் லூயிஸில் ஓர் அச்சகம். பெயர் வேண்டாம், வேலை தெரிந்தவர்கள், ஆனால் தமிழ் தெரியாது. கோப்பை அவர்களுடைய பக்க அமைப்பு மென்பொருளில் எடுத்துப் போட்டு மாதிரி அனுப்பினார்கள். 'கெவின்' பெயரிலேயே கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'கோவில்' மூன்று துண்டு. காரணம் இதுதான். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ தாளிலோ வரும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து போடுவது எழுத்தமைப்பு நிரலின் வேலை. லிப்ரே ஆபீஸ் அதைத் தானாகவே செய்துவிடும். அச்சகங்கள் வைத்திருக்கும் இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போஸர்' என்ற தேர்வைப் போட்டால்தான் செய்யும். போடாவிட்டால் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும்.

வழி இரண்டு. அந்தத் தேர்வைப் போடச் சொல்லலாம். அல்லது அவர்கள் எழுத்தைத் தொடவே வேண்டாதபடி, எழுத்துரு பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்துவிடலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அதோடு ஒரு சோதனைப் பக்கமும் சேர்த்துக் கொடுக்கிறேன். அதில் கதை இல்லை. கெ கே கை கொ கோ கௌ, ணை லை னை, டு டூ று றூ, ஜூ ஹூ, க்ஷ, ஸ்ரீ என்று உடையக்கூடிய எழுத்துகள் மட்டும். 'இந்த ஒரு தாளை முதலில் அச்சடித்துக் காட்டுங்கள், பக்கத்தில் நான் வரைந்தது போல இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்' என்று கிரியோலில் எழுதி ஒட்டிவிட்டேன். தமிழ் தெரியாத ஆளும் படத்துக்குப் படம் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். அதன் பிறகு பேச்சே இல்லை, வேலை ஓடியது.

48 பக்கம் என்ற கணக்கு ஏன்? ஏ4 தாளை மடித்தால் நான்கு ஏ5 பக்கம். பன்னிரண்டு தாள், நடுவில் இரண்டு பின், முடிந்தது. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டே ஆக வேண்டும். எனவே கதை 46-இல் முடிந்தால் இரண்டு பக்கத்துக்கு நிலாவின் படமும் ஜோவானின் நோட்டும் வரும். தாளைக் கூட்டிக்கொண்டே போனால் பின் அடித்த புத்தகம் வாயை மூடாது. தவிர, மடிப்பின் உள்ளே இருக்கும் தாள்கள் வெளியே துருத்தும். விளிம்பை வெட்டிச் சமன் செய்யும்போது நடுப்பக்கங்களின் ஓரம் மட்டும் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். ஆகையால் பக்க எண்ணை வெளி மூலையில் வைக்காதீர்கள், கீழே நடுவில் வையுங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது தொல்லை. 100 கிராமுக்குப் போனேன், செலவு சற்றே கூடியது.

அட்டைக்குப் பளபளப்பு லேமினேஷன் போடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். க்யூர்பிப்பில் குடியிருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அந்த மழையிலும் பனியிலும் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் அடைத்திருக்க, உள்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து விரிகிறது. அட்டை வெளியே சுருண்டுகொள்ளும். லேமினேஷன் இல்லாத கெட்டி அட்டைதான் என் தேர்வு. அழுக்காகும், ஆகட்டும். அட்டைப் படத்தை என் பழைய மாணவர் ஒருவர் நீர்வண்ணத்தில் வரைந்தார். கணினியே வரைந்து தருமே என்று கேட்டவர்களும் உண்டு. அது வரையும் சுருள் ஆன்டெனா படுக்கை ஸ்பிரிங்காகத்தான் இருந்தது. போதாததற்கு, மின்னூலாகப் போடும்போது செயற்கை நுண்ணறிவால் செய்த எழுத்தோ படமோ இருந்தால் 2023 செப்டம்பர் முதல் நாமே புத்தகம் வெளியிடும் அமேசானின் கேடிபி தளத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி. அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேண்டுமானால் இன்னொன்று. நம் எண்கள் 978-99949 என்று தொடங்கும். சின்ன நாடு என்பதால் நாட்டுக் குறியீடே ஐந்து இலக்கத்தைத் தின்றுவிடுகிறது. மீதி இருப்பது நான்கு இலக்கமும் கடைசிச் சோதனை இலக்கமும்தான். அந்தக் கடைசி இலக்கத்தை வகுப்பில் கணக்காகக் கொடுத்துப் பார்க்கலாம். முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அதுதான் விடை.

கிண்டில் பக்கம் வந்தால், தமிழில் மின்னூல் போட விடுகிறார்கள், தமிழில் அச்சுப் புத்தகம் போட விடுவதில்லை. அதனால் 'தேவைக்கேற்ப அங்கேயே அச்சடித்துக்கொள்ளலாம்' என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள். மின்னூலுக்கு ஈபப் கோப்பு. அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்பு பாணியை முறையாகக் கொடுத்தால் உள்ளடக்கம் தானாக வந்துவிடும். காத்திருப்புக்காக நான் விட்ட வெற்று வரிகளை ஈபப் விழுங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் பத்திக்கு மேல் இடைவெளி என்று பாணியிலேயே கொடுக்க வேண்டும். விலைக் கணக்கும் பாருங்கள். 70 விழுக்காடு பங்கு வேண்டுமென்றால் விலை 2.99 டாலரிலிருந்து 9.99-க்குள் இருக்க வேண்டும், வாங்குபவர் இருக்கும் நாடும் பட்டியலில் இருக்க வேண்டும், கோப்பின் எடைக்குத் தகுந்த கட்டணமும் பிடிப்பார்கள். 48 பக்கத்துக்கு 2.99 கேட்க எனக்கு மனம் வரவில்லை. 0.99 வைத்தால் 35 விழுக்காடு, கைக்கு 35 சென்ட். சரி, மூன்று பாகத்தையும் ஒரே மின்னூலாகச் சேர்த்து 2.99-க்கு வைத்துவிட்டேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள்.

அச்சுப் புத்தகத்தின் விலை 100 மொரீஷியஸ் ரூபாய். கடையில் வைத்தால் அவர்கள் கேட்கும் கழிவு போக ஒன்றும் மிஞ்சாது. காவடி நாளில் விற்கலாம் என்று தோன்றும். பால்குடமும் காவடியும் வரும் கூட்டத்தில் யார் கையில் பணப்பை வைத்திருப்பார்கள்? சித்திரை வருஷப்பிறப்பு நிகழ்ச்சிகளும் கோவில்களில் நடக்கும் மாலை நேரத் தமிழ் வகுப்புகளும்தான் சரியான இடம். பரிசு கொடுக்க வேண்டிய நிர்வாகிகள் கட்டுக்கட்டாக வாங்கிக்கொள்கிறார்கள். டம்ளரையும் டிபன் பாக்ஸையும் கொடுத்துக் கொடுத்து அவர்களுக்கும் சலித்திருக்கும்.

நான்காம் பாகம் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. உலகின் மிகப் பெரிய ரேடியோ தொலைநோக்கியாக எழும்பும் எஸ்கேஏ திட்டத்தில் மொரீஷியஸும் ஆப்பிரிக்கப் பங்காளி நாடுகளில் ஒன்று. அதற்கு முன்னோடியாகக் கரூவின் வறண்ட வெளியில் மீர்கேட் நிற்கிறது, 64 கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் விட்டம். அங்கே ரேடியோ இரைச்சலுக்குச் சட்டப்படியே கட்டுப்பாடு, கைபேசி கூடாது. சாகசக் கதை எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? 'போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே மிஸ்' என்று ஒவ்வொரு பாகத்திலும் கேட்டவர்களின் வாய் இந்த முறை அடைபடும். ரெஜிஸ்டர் நோட்டில் தீப்பெட்டி இப்போது அமுதினியின் பையில் இருக்கிறது. அதை விமான நிலையச் சோதனையில் எப்படித் தாண்ட வைப்பது என்பதுதான் மிச்சம். தீப்பெட்டியைத் தூக்கிவிட்டு மணியை மருதாணிக் கூம்புக்குள் வைக்கலாம் என்று வகுப்பில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஜோவானின் அத்தைக்குக் கல்யாணம் வைத்துவிட்டால் அதுவும் பொருந்திவிடும்.